ஐப்பசிக்கு முன் ரஸ்தாவைச் செப்பனிடு!

ஆவணி முடியப் போகிறது. புரட்டாசி கழிந்தால் ஐப்பசி. ஐப்பசி என்றால் அடைமழை. இதை நமக்குச் சொல்ல நிபுணர் எவரும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒரு வருஷத்தில் பெய்கிற சுமார் 92 சென்டிமீட்டர் மழையில் ஏறக்குறையப் பாதி, அதாவது 44 சென்டிமீட்டர் அளவு, அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. விவசாயி அதற்கு முன்பே வரப்பை உயர்த்துகிறான், வாய்க்காலைத் தூர் எடுக்கிறான். குடிசையில் வாழும் கூலிக்காரப் பெண்ணும் கூரைக்குப் புதுக் கீற்று தேடுகிறாள். மழை வருகிறது என்றால் அதற்குமுன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ரஸ்தாவைப் பராமரிக்க வேண்டியவர்களுக்கு மட்டும் அது ஏன் தெரியவில்லை?

நமது கிராமத்துத் தார் ரோடுகளைப் பாருங்கள். போன மழையில் விழுந்த குழிகள் அப்படியே கிடக்கின்றன. ஓரங்கள் கடித்துத் துப்பிய அப்பம்போல் பிய்ந்து நிற்கின்றன. பக்கத்து வாய்க்கால்களில் முள்ளும் குப்பையும் மண்டிக் கிடக்கின்றன. மதகுக் குழாய்களை மண் அடைத்திருக்கிறது. இந்த நிலைமையில் ஐப்பசி பிறந்தால் என்ன நடக்கும்? கார்த்திகையில் குழி பள்ளமாகும்; மார்கழியில் பள்ளம் ரஸ்தாவாகவே ஆகிவிடும். தை மாதத்தில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், புது ரோடு போட எஸ்டிமேட் தயாராகும், டெண்டர் வரும், காண்ட்ராக்டர் வருவார். அடுத்த மழையில் மீண்டும் அதே கதை. இந்தச் சுற்று யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று நாம் கேட்க வேண்டாமா?

யார் தலையில் விழுகிறது?

மோட்டார் காரில் போகிறவனுக்கு ரஸ்தாவில் குழி என்றால் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளிலும் பழைய மோட்டார் சைக்கிளிலும் வீடு திரும்புகிற மில் தொழிலாளிக்கு அது உயிர்ப் பிரச்னை. தண்ணீர் நிறைந்த குழியின் ஆழத்தை இருட்டில் யார் கண்டது? ராஜபாளையத்திலும் திண்டுக்கல்லிலும் கோவையிலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் மில் வேன்கள் ரோடு கெட்டால் தாமதமாகின்றன. தாமதமானால் சம்பளம் யாருடையது வெட்டப்படுகிறது? வேனுடையதா, ரோட்டுடையதா? தொழிலாளியுடையதுதான்!

தஞ்சை ஜில்லாவில் குறுவை அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டைகள் போக வேண்டிய நேரமும் இதே புரட்டாசி, ஐப்பசிதான். வண்டி வரமுடியாத ரஸ்தாவில் நெல் நனைகிறது; ஈரப்பதம் ஏறிவிட்டது என்று விலையில் பிடிக்கிறார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் மினி லாரியில் நெருக்கி ஏற்றிச் செல்லப்படும் விவசாயக் கூலிப் பெண்களுக்கு, ஒடிந்த ரோட்டோரம் எந்த நேரமும் கவிழக் காத்திருக்கிற ஆபத்து. “ரோடு சரியில்லை” என்ற ஒரே வார்த்தையில் பஸ் நின்றுவிடுகிறது. பஸ் நின்றால் பள்ளிக்கூடம் போகிற பெண் குழந்தைதான் முதலில் வீட்டோடு நிற்கிறாள். பிரசவ வேதனையில் துடிக்கும் தாயை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் அந்தக் குழிகளில் எவ்வளவு வேகமாகப் போக முடியும்?

இது வெறும் வர்ணனையல்ல. மத்திய சர்க்காரின் ரோடு போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்குப்படி, ரோட்டுக் குழிகளால் நேர்ந்த விபத்துகளில் இந்தியா முழுவதும் 2021ல் 1,481 பேரும், 2022ல் 1,856 பேரும் மாண்டார்கள். குழி என்பது இயற்கையின் சீற்றமல்ல. மூடாமல் விட்டதால் இருப்பது அது. ஆகவே இந்தச் சாவுகளை விதி என்று ஏற்க நாம் தயாரில்லை.

தார் ரோடு எப்படிச் சாகிறது?

எதிரியைத் தெரிந்துகொண்டால்தான் சண்டை போட முடியும். தார் ரோட்டுக்கு எதிரி தண்ணீர்.

நாம் தார் என்று சொல்கிறோம். இன்று ரஸ்தாவில் ஊற்றப்படுவது பெரும்பாலும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் தங்குகிற பிட்டுமன் என்ற கறுப்புப் பசை. ஒரு தார்க் கலவையை எடுத்து நிறுத்துப் பார்த்தால், நூற்றில் சுமார் 95 பங்கு ஜல்லியும் கல்தூளும். 5 பங்குதான் இந்தப் பசை. அந்த 5 பங்குதான் 95 பங்கு கல்லைக் கட்டிப் பிடித்து நிற்கிறது. ஆகவே அந்த 5ல் கொஞ்சம் திருடினாலும் ரோடு முழுவதையும் திருடியதாகவே அர்த்தம்.

வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அந்தப் பசை வருஷத்துக்கு வருஷம் இறுகி, நெகிழ்ச்சியை இழக்கிறது. மயிரிழைபோல் வெடிப்பு தோன்றுகிறது. மழைக்காலத்தில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. மேலே லாரியின் சக்கரம் ஏறும்போது உள்ளே அகப்பட்ட தண்ணீர் நசுங்கி, பீச்சாங்குழல்போல் கல்லுக்கும் பசைக்கும் நடுவே பாய்கிறது. கல்லைவிட்டுப் பசை உரிகிறது. உரிந்த கல் பெயர்கிறது. கீழே கப்பிக் கல்லும் கிராவலும் ஊறிச் சேறாகின்றன. அடித்தளம் இளகியபின் மேலே எவ்வளவு தார் இருந்தும் என்ன பயன்? ஒரு மழையில் விரல் நுழைகிற வெடிப்பு, நான்கு மழையில் ஆள் விழுகிற குழியாகிறது.

குளிர் நாடுகளில் இதே தண்ணீர் இன்னொரு வேலையும் செய்கிறது. பனிக்காலத்தில் வெடிப்புக்குள் உறைந்து, கொள்ளளவில் நூற்றுக்கு 9 பங்கு வீங்கி, ரோட்டையே பிளந்துவிடுகிறது. ஆகவே அங்கெல்லாம் குளிர் பிறக்குமுன் இலையுதிர் காலத்திலேயே வெடிப்புகளை அடைத்து, குழிகளை மூடிவிட வேண்டும் என்பது பாலபாடம். குளிர் வந்துவிட்டால் சுடு கலவை போடுகிற வேலையே பல இடங்களில் நின்றுவிடும். உயர்ந்த மலைகளின் உச்சிகளைத் தவிர நமக்கு உறைபனி கிடையாது. ஆனால் நமது கெடு ஐப்பசி. அவர்களது கெடு பனி. கெடுவுக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்ற நியாயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தண்ணீர் ரோட்டுக்குள் இறங்காமலிருக்க மூன்று காவல்கள் உண்டு. முதலாவது, ரோட்டின் முதுகு. நடு உயர்ந்து இரண்டு ஓரமும் தாழ்ந்திருக்க வேண்டும். 12 அடி அகலத் தார் ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறக்குறைய 2 அங்குலமாவது உயர்ந்திருந்தால்தான் பலத்த மழையில் நீர் வழியும். ஒரு குடம் தண்ணீரை நடுரோட்டில் ஊற்றிப் பாருங்கள்: ஓரத்துக்கு ஓடினால் முதுகு நேர், அங்கேயே தேங்கினால் முதுகு ஒடிந்துவிட்டது. இரண்டாவது, ஓரத்து மண். அது தாரைவிட உயர்ந்து வரப்புபோல் நின்றால், மழைநீர் ரோட்டிலேயே சிறைப்படும். அரித்துப் போய்த் தாழ்ந்தால், தாரின் ஓரம் ஒடியும். மூன்றாவது, பக்கத்து வாய்க்காலும் மதகும். இவை அடைபட்டால் மற்ற இரண்டும் வீண்.

இந்த மூன்று காவலுக்கும் வேண்டியது கோடிக்கணக்கான ரூபாயா? மண்வெட்டியும் கடப்பாரையும் இரும்புச் சட்டியும், அவற்றைப் பிடிக்க நிரந்தரமான கைகளும்தான்!

சேற்றில் கொட்டுகிற தார் யாருக்காக?

இப்போது செய்கிறார்களே பேட்ச் ஒர்க், அதைக் கவனியுங்கள். மழை நடுவே, ஜனங்கள் கூச்சல் போட்டபின், ஒரு லாரி வருகிறது. தண்ணீர் நிற்கிற குழியில் கலவையைக் கொட்டுகிறார்கள், மண்வெட்டியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு தட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள். மறுவாரம் கல் வேறு, குழி வேறாகக் கிடக்கிறது. பில் மட்டும் பாஸாகிவிடுகிறது.

இது விதிக்கு முற்றிலும் விரோதமானது. மத்திய ரோடு போக்குவரத்து அமைச்சகத்தின் வேலை விதிகள் தெளிவாக இருக்கின்றன: தண்ணீர் நிற்கும்போது, மழை பெய்யும்போது, மழை வரும் நிலையில், அடித்தளம் ஈரமாயிருக்கும்போது, மூடுபனியிலும் புழுதிக் காற்றிலும், தளத்தின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது சாதாரணத் தார்க் கலவையைப் போடக்கூடாது. ஏன்? ஈரக் கல்லில் தார் ஒட்டாது. சமையல் செய்கிற எந்தத் தாயும் இதைச் சொல்வாள்: ஈரச் சட்டியில் எண்ணெய் பிடிக்குமா?

சரியான ஒட்டுப் போடும் முறை என்ன? நமது தோழர்கள் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். குழியைச் சுற்றிலும் கெட்டியான பகுதி வரும்வரை சதுரமாக வெட்ட வேண்டும். பக்கங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். உள்ளே இருக்கிற உதிரிக் கல், மண், தூசி எல்லாவற்றையும் எடுத்துத் துடைப்பத்தால் பெருக்க வேண்டும். அடித்தளம் இளகியிருந்தால் அதையும் தோண்டி எடுத்துப் புதுக் கல் போட்டு இடிக்க வேண்டும். நன்றாக உலர்ந்தபின், அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் மெல்லியதாக ஒட்டுத் தார் பூச வேண்டும். சுமார் 150 டிகிரி சூட்டில் தயாரான கலவையைப் பரப்பி, ஆழமான குழியாக இருந்தால் இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, சூடு சுமார் 100 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் ரோலர் ஓட்டி இறுக்கி முடிக்க வேண்டும். ஒட்டின் மேல்மட்டம் ரோட்டைவிடச் சற்றே உயர்ந்திருக்கலாம், தாழக்கூடாது. கடைசியாக, சந்து வழியே நீர் இறங்காதபடி ஓரங்களைத் தார்ப்பசையால் அடைக்க வேண்டும். இப்படிச் செய்த ஒட்டு நிற்கும். செய்யாத ஒட்டு ஓடும்.

நாட்டில் அறிவுக்குப் பஞ்சமில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன், வீணாகும் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் பூசி, பின்பு தார் கலக்கும் முறையைக் கண்டார். அவ்வாறு பூசிய கல்லில் தண்ணீர் எளிதில் புகுவதில்லை. அதற்காக 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கொடுத்தார்கள். விருது கொடுப்பதில் வேகம் காட்டுகிறவர்கள் வாய்க்காலைத் தூர் எடுப்பதில் ஏன் காட்டுவதில்லை?

“பணமில்லை” என்ற வாதம்

பராமரிப்பு என்று கேட்டால் பணமில்லை என்கிறார்கள். புது ரோடு என்றால் பணம் எங்கிருந்தோ வந்து குதிக்கிறது. இந்த வாதம் எவ்வளவு பொய்யானது என்பதற்கு நாம் நமது சாட்சிகளை அழைக்கவில்லை; எதிர்த்தரப்பு சாட்சியையே அழைக்கிறோம். உலக வங்கியை ஏழைகளின் சிநேகிதன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வங்கியே 1994ல் வெளியிட்ட அறிக்கையில் என்ன கூறியது? ஆப்பிரிக்க நாடுகளில் அதற்கு முந்தைய பத்து வருஷங்களில் காலத்தில் பராமரிப்புக்காக 1,200 கோடி டாலர் செலவிட்டிருந்தால், ரோடுகளைத் திரும்பக் கட்டுகிற 4,500 கோடி டாலர் செலவைத் தவிர்த்திருக்கலாம் என்று கூறியது. 1 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் 4 ரூபாயை இழப்பதற்குச் சிக்கனம் என்று பெயரா?

பராமரிப்புக்கு ஏன் மவுசு இல்லை? காரணம் லேசானது. வாய்க்காலைத் தூர் எடுத்ததற்குத் திறப்பு விழா நடத்த முடியாது. கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது. பத்து ஆட்கள் வருஷம் முழுவதும் மண்வெட்டி பிடிக்கிற வேலையில் பெரிய கமிஷனுக்கு இடமில்லை. பல கோடி டெண்டரில்தான் அந்த ருசி இருக்கிறது.

புது ரோடு என்ற பெயரில் பழைய ரோட்டின்மேல் மீண்டும் மீண்டும் தாரைக் கொட்டி உயர்த்துவதால் இன்னொரு கொடுமையும் நடக்கிறது. நகரத்துச் சேரிகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. மழை வந்தால் ரோட்டுத் தண்ணீர் அடுப்படிக்கு வருகிறது. பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்தபின்பே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021ல் தமிழக சர்க்காரின் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அந்த உத்தரவு தங்கள் தெருவில் அமலாகிறதா என்று ஒவ்வொரு குடியிருப்பிலும் பார்க்க வேண்டும்.

பாரத்தின் கணக்கு

ரோட்டைக் கெடுப்பது சைக்கிளா, மாட்டு வண்டியா? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ரோடுபோட்டு, லாரிகளை ஓட்டி ஓட்டிப் பெரிய சோதனை நடத்தினார்கள். அதிலிருந்து கிடைத்த பாடம்: அச்சின்மேல் பாரம் இரட்டிப்பானால் ரோட்டின் சேதம் இரட்டிப்பாகாது, ஏறக்குறைய 16 மடங்காகும். 2018 ஜூலையில் மத்திய சர்க்கார், நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கும் பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. பார்ப்பதற்குச் சிறு உயர்வு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ரோட்டுக்கு நேரும் சேதம் ஒன்றரை மடங்குக்கும் மேல்! சரக்கு முதலாளிக்கு ஒரு நடை மிச்சம். ரோட்டைச் செப்பனிடும் செலவு ஜனங்கள் தலையில். அதற்குமேலும் எம்சாண்டும் ஜல்லியும் சட்டத்தை மீறிய பாரத்தோடு கிராம ரோடுகளில் இரவும் பகலும் ஓடுகின்றன. டிரைவர்மீது பாய்ந்து பயனில்லை. பாரம் ஏற்றச் சொல்கிறவன் வேறு. குவாரி வாசலிலேயே எடைபோட வேண்டும் என்று கோருகிறோம்.

கைகள் இருந்தன, ஒடித்தது யார்?

ரோட்டைப் பராமரிக்க ஆட்கள் இல்லை என்று சொல்லாதீர்கள். ஆட்கள் இருந்தார்கள். 1997ல் தமிழக நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 10,000 கிராமப்புற இளைஞர்கள் சாலைப் பணியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். குழி மூடுவது, ஓரம் சீர் செய்வது, முள் வெட்டுவது, மதகு அடைப்பு எடுப்பது ஆகியவையே அவர்கள் வேலை. 2002 செப்டம்பரில் அன்றைய அ.தி.மு.க. சர்க்கார் அவர்களை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பியது. 41 மாதங்கள்! அடுப்பு அணைந்த குடும்பங்கள் எத்தனை, வட்டிக்கு வாங்கி மீளாதவர்கள் எத்தனை! ஆனால் அவர்கள் கலைந்து போகவில்லை. சங்கமாக நின்று போராடினார்கள். 2006 பிப்ரவரியில் அவர்கள் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். இழந்த 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் அவர்கள் குரல் எழுப்பி வந்திருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க முழுக்க நியாயமானது.

மறுபக்கத்தில், பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, ஒரு கோட்டத்து ரோடுகள் அனைத்தின் பராமரிப்பையும் ஐந்து வருஷத்துக்கு ஒரே காண்ட்ராக்டரிடம் ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இதை ஆதரிப்பவர்கள் சொல்வதென்ன? ‘குழி இருந்தால் காண்ட்ராக்டருக்குப் பணம் வெட்டு, ஆகவே அவர் தானாகவே கவனிப்பார்’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழி இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது யார்? பார்க்கிற கண்ணும் எழுதுகிற கையும் துறையில் குறைந்துகொண்டே போனால், வெட்டு யார்மேல் விழும்? அதோடு மட்டுமல்ல, காண்ட்ராக்ட் ஐந்து வருஷத்தில் முடியும், ரோடு முடியாது. தன் ரோட்டில் எந்த வளைவில் தண்ணீர் தேங்கும், எந்த மதகு முதலில் அடைபடும் என்று அறிந்த நிரந்தரத் தொழிலாளியின் அனுபவத்தை எந்த டெண்டரிலும் வாங்க முடியாது.

தார் வேலையில் கூலியாக நிற்கும் ஆண், பெண் தொழிலாளர்களையும் நாம் மறக்க முடியாது. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற கலவைமேல் நடந்து, அதன் புகையைக் குடித்துக்கொண்டு அவர்கள் போட்ட ரோட்டில்தான் மந்திரியின் கார் வழுக்கிக்கொண்டு போகிறது. ரோடு போடும்போது எழும் தார்ப்புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருத இடமுண்டு எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2011ல் வகைப்படுத்தியது. அவர்களுக்கு பூட்ஸ், கையுறை, குடிதண்ணீர், நிழல், போக்குவரத்தைத் தடுக்கும் எச்சரிக்கைப் பலகை ஆகியவை தர்மமல்ல, உரிமை. தார் பட்டுச் சுட்டுவிட்டால் உடனே நிறையக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள், ஒட்டிய தாரைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். 1994ல் அமைக்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இவர்களைப் பதிவு செய்ய உதவுவது சங்கங்களின் கடமை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் ரோடுகள் அறுந்தன, ஊர்கள் தீவாயின. அப்படிப்பட்ட பேய்மழையை எந்த ஒட்டும் முழுக்கத் தடுத்துவிடாது என்பது உண்மை. ஆனால் தண்ணீர் போக வழி திறந்திருக்கிற ரோட்டில் சேதம் குறையும். உதவி சீக்கிரம் வந்து சேரும். சாதாரண மழைக்கே சாகிற ரோடு, பேய்மழையில் எப்படிப் பிழைக்கும்?

ஆகவே புரட்டாசி முடியுமுன் ஒவ்வொரு கிளையும் சங்கமும் கீழ்க்கண்ட வேலைகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

முதலாவதாக, ஊர் ரோட்டை நாமே நடந்து பார்ப்போம். குழிகள் எத்தனை, வெடிப்பு எங்கே, எந்த மதகு அடைபட்டிருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதுவோம். ரோடு யாருடையது என்றும் விசாரிப்போம்: பஞ்சாயத்தா, பஞ்சாயத்து யூனியனா, நெடுஞ்சாலைத் துறையா? ‘எங்களுடையதல்ல’ என்று ஆளுக்கு ஆள் தள்ளிவிட இடம் கொடுக்கக்கூடாது.

இரண்டாவதாக, அக்டோபர் 2ந் தேதி கிராம சபை கூடுகிறது. அடுத்த சபை நவம்பர் 1ல். அதற்குள் மழை பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே அக்டோபர் 2ல் நமது நோட்டோடு போய், தீர்மானமாகவே நிறைவேற்றச் செய்வோம். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் பெருவாரியாக வர வேண்டும். பாதிப்பு அவர்களுக்கே அதிகம்.

மூன்றாவதாக, பிரதமர் கிராம சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு என்றால், முதல் ஐந்து வருஷங்களுக்கு அதைப் பராமரிப்பது போட்ட காண்ட்ராக்டரின் பொறுப்பு. பலகையில் வேலை முடிந்த தேதி இருக்கும். கணக்குப் பாருங்கள், கெடு முடியாவிட்டால் விடாதீர்கள்.

நான்காவதாக, 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் நமது கையில் இருக்கிறது. எஸ்டிமேட்டையும் அளவுப் புத்தகத்தையும் கேட்கலாம். அது மட்டுமா? வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சாட்சி பெற்ற மாதிரியை எடுக்கவும் அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு சாமான்யனுக்கு உரிமை தருகிறது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, ரோட்டை விதிப்படி கட்டாமலும் பராமரிக்காமலும் விட்டதால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரத்துக்கும் காண்ட்ராக்டருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஹெல்மெட் இல்லாத தொழிலாளியைத் தேடிப் பிடிக்கிற சட்டம், குழியை விட்டுவைத்தவனையும் தேடிப் பிடிக்கட்டும்!

ஐந்தாவதாக, மழை பெய்யும்போது சேற்றில் தார் கொட்ட வந்தால் மரியாதையாகத் தடுத்து நிறுத்துங்கள். விதியைச் சொல்லுங்கள். கொட்டுகிற கூலித் தொழிலாளியோடு சண்டை வேண்டாம், அவர் நம்மவர். மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சர்க்காரிடம் நமது கோரிக்கைகள் சுருக்கமானவை. பராமரிப்புக்கான நிதியை ஆடி மாதத்துக்குள் ஊராட்சிகளுக்கும் கோட்டங்களுக்கும் கொடு! காலியான சாலைப் பணியாளர் இடங்களை கிராமப்புற இளைஞர்களைக்கொண்டு நிரப்பு! பராமரிப்பு வேலையைக் காண்ட்ராக்டர்களிடம் தாரைவார்க்காதே! குவாரி வாசலில் பாரத்தை நிறுத்துப் பார்! ரோடு வேலையில் நிற்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பாதுகாப்புக் கருவி கொடு!

ரோடு என்பது ஏதோ இன்ஜினீயர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட நம்மால் முடியாது. அதைப் போட்டது உழைப்பாளியின் கை. அதற்குப் பணம் கொடுத்தது தீப்பெட்டி முதல் துணிவரை ஒவ்வொன்றிலும் வரி செலுத்துகிற ஏழையின் பை. அதில் விழுந்து எழுவதும் அவனுடைய உடம்பு. அப்படியிருக்க, அதைக் கணக்குக் கேட்கிற உரிமை அவனுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

வானம் கறுக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. மண்வெட்டிகள் தயார், கைகள் தயார். சர்க்கார் தயாரா என்று கேட்போம், ஊருக்கு ஊர், ஒரே குரலில்!